மூட்டை பிரிக்காமலே பருத்திக்கு உரமா! தெரியுமா?

உலகிலேயே மிக நீண்ட காலமாக நடந்துவரும் பருத்திச் சோதனை எங்கே இருக்கிறது தெரியுமா? அமெரிக்காவில், அலபாமா மாநிலத்து ஆபர்ன் பல்கலைக்கழகத்தில்! பெயர் 'ஓல்டு ரொட்டேஷன்'. தொடங்கியது 1896-ல். மொத்தமே ஏறக்குறைய ஒரு ஏக்கர், 13 பாத்திகள். இந்தத் துண்டு நிலத்தை 1988-ல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கோட்டை கொத்தளத்துக்குக் கிடைக்கிற மரியாதை, ஒரு பருத்திக்காட்டுக்கு!

பேராசிரியர் டகர் இதைத் தொடங்கியபோது உரக்கடையில் யூரியாவே கிடையாது. காற்றிலுள்ள தழைச்சத்தை அம்மோனியாவாக்கும் ஆலை ஜெர்மனியில் ஓட ஆரம்பித்ததே 1913-ல்தான். அவர் என்ன செய்தார் தெரியுமா? பஞ்சு எடுத்து முடிந்ததும், குளிர்காலத்தில் சும்மா கிடக்கும் மண்ணில் குளோவர், வெட்ச் என்ற பயறினச் செடிகளை விதைத்தார். வசந்தம் வந்ததும் அவற்றை மண்ணுக்கே கொடுத்துவிட்டு மறுபடி பருத்தி.

இப்போது அசந்து போவீர்கள். ஏக்கருக்கு 120 பவுண்டு தழைச்சத்தை உரமாக வாங்கும் பாத்திக்கு ஈடாக, தழைச்சத்து உரமே காணாத குளோவர் பாத்தியும் விளைகிறது! மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மட்டும் கொடுக்கிறார்கள். அந்த 120 பவுண்டு, நம்மூர்க் கணக்கில் 45 கிலோ யூரியா மூட்டை இரண்டரைக்கும் மேல்!

இன்னொன்று தெரியுமா? அதே 1896-ல்தான் பக்கத்திலேயே உள்ள டஸ்கீகி ஊருக்கு வந்து சேர்ந்தார் வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். பருத்தியே போட்டுப் போட்டு ஓய்ந்த நிலங்களில் தட்டைப்பயறும் கடலையும் மாற்றிப் போடச் சொல்லி விவசாயிகளிடம் மன்றாடியவர்.

எல்லாம் பயறின் வேர்முடிச்சு செய்யும் வேலை. அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியாதான் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. ஒரு பயறுச் செடியை மண்ணோடு பெயர்த்து, வேரை அலசி, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பா? பாக்டீரியா மும்முரமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிறம் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தால் வருவது. நம் ஹீமோகுளோபினுக்கு அது பங்காளி முறை. நிஜமாகவே ரத்த சம்பந்தம்! உள்ளே பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் வேலை நடக்கவில்லை. பயறுக்கே யூரியாவை அள்ளிக் கொட்டினால் செடி முடிச்சுப் போட மெனக்கெடாது. சும்மா கிடைக்கும்போது யார்தான் உழைப்பார்கள்?

ஆனால் எந்தப் பயறு போட்டாலும் உரம் மிச்சம் என்று நம்பிவிடாதீர்கள். சோயாபோல மணிக்காக வளர்த்து அறுத்துப் போனால், தழைச்சத்தில் பெரும்பகுதி மணியோடு மண்டிக்குப் போய்விடும். பூக்கிற பருவத்தில் மடக்கி உழுதால்தான் முழு லாபம் மண்ணுக்கு.

தழைச்சத்து மிஞ்சினால் பருத்தி என்ன செய்யும் தெரியுமா? இலையும் கிளையுமாக மதர்த்து நிற்கும். காய் வெடிக்கத் தாமதமாகும். தத்துப்பூச்சியும் அசுவினியும் வந்து குவியும். காசு கொடுத்துப் பூச்சியை வரவழைப்பது இதுதான்!

அதனால், பயறு மடக்கிய காட்டில் பருத்தி போடுகிறவர்கள் வழக்கமான யூரியா கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மண்ணைப் பரிசோதித்து, பயறு கொடுத்ததைக் கழித்து, மீதியை மட்டும் இரண்டு மூன்று தவணையாகப் பிரித்துப் போடுங்கள்.