டேட்டாபேஸை ஒப்படைக்கலாம், பொறுப்பை?

2017 ஜனவரி 31 இரவு. மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தின் டேட்டாபேஸ் தடுமாறிக்கொண்டிருந்தது. பிரதான சர்வரில் உள்ளதை உடனுக்குடன் நகலெடுக்க வேண்டிய துணை சர்வர் பின்தங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர், துணை சர்வரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பிரதான சர்வரின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது.

பேக்கப்பைத் தேடிப் போனபோது அதைவிடப் பெரிய அதிர்ச்சி காத்திருந்தது. தினசரி பேக்கப் சேர வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. பேக்கப் எடுக்கும் கருவி பழைய பதிப்பு, டேட்டாபேஸ் புதிய பதிப்பு. இரண்டும் ஒத்துப்போகாததால் பேக்கப் எடுக்கும் வேலை நடக்கவே இல்லை. அதைப் பற்றி எச்சரித்து அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. சோதனைப் பணிக்காக 6 மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்துவைத்திருந்த நகல்தான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. தளம் ஏறத்தாழ 18 மணி நேரம் முடங்கியது. சுமார் 5,000 திட்டங்களின் பதிவுகள், 5,000 கருத்துகள், 700 புதிய கணக்குகள் பாதிக்கப்பட்டன. இத்தனையையும் மறைக்காமல் எழுதி வெளியிட்டது கிட்லேப். அந்த நேர்மைக்காகவே அந்த அறிக்கையை இத்துறைக்கு வரும் ஒவ்வோர் இளைஞரும் படிக்க வேண்டும்.

கிட்லேப் அப்போதும் கிளவுடில்தான் இருந்தது, மைக்ரோசாஃப்டின் அஸ்யூரில். ஆனால் அது வாடகைக்கு எடுத்தது இயந்திரத்தை மட்டுமே. டேட்டாபேஸை நிறுவுவது, நகலெடுப்பது, பேக்கப் எடுப்பது எல்லாம் அதன் ஊழியர்களின் வேலை. ‘எங்கள் டேட்டாபேஸ் கிளவுடில் இருக்கிறது’ என்று நிம்மதியாகச் சொல்லும் பலரும் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

பராமரிப்பும் சேர்ந்த டேட்டாபேஸ் சேவை என்பது வேறு. 2009 அக்டோபரில் அமேசான் ஆர்.டி.எஸ். என்ற பெயரில் இதைத் தொடங்கியபோது அதில் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் மட்டுமே கிடைத்தது. ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ் ஆகியவை பின்னர் வந்து சேர்ந்தன. மைக்ரோசாஃப்ட்டும் கூகுளும் இதே போன்ற சேவைகளைத் தருகின்றன. திரையில் சில தேர்வுகளைச் செய்தால் சில நிமிடங்களில் டேட்டாபேஸ் தயார். இயங்குதளத்தைப் புதுப்பிப்பது, பழுதான டிஸ்க்கை மாற்றுவது, பேக்கப் எடுப்பது எல்லாம் சேவை நிறுவனத்தின் வேலை.

இதில் எனக்கு மிகப் பெரிய நன்மையாகப் படுவது பேக்கப்தான். ஆர்.டி.எஸ். நாள்தோறும் முழு நகல் எடுப்பதோடு, இடையில் நடக்கும் மாற்றங்களின் பதிவையும் 5 நிமிடங்களுக்கு ஒருமுறை தனியாகச் சேமிக்கிறது. இதை அதிகபட்சம் 35 நாள்வரை வைத்திருக்கச் சொல்லலாம். அந்தக் காலத்துக்குள் எந்தத் தேதியின் எந்த நிமிடத்துக்கும் டேட்டாபேஸைத் திருப்பிக் கொண்டுபோக முடியும். இன்னொரு கட்டடத்தில் மாற்று சர்வர் தயாராக இருக்கும் ஏற்பாட்டையும் வாங்கலாம். பிரதான சர்வர் விழுந்தால் பொதுவாக 1 முதல் 2 நிமிடத்தில் மாற்று சர்வர் பொறுப்பேற்கும். 3 பேர், 4 பேர் கொண்ட ஒரு குழு இதைச் சொந்தமாகக் கட்டி, சோதித்து, இரவு பகலாகக் கண்காணிப்பது நடக்கிற காரியமில்லை. தனியாக ஒரு டேட்டாபேஸ் நிர்வாகியை (டி.பி.ஏ.) வைத்துக்கொள்ள முடியாத நிறுவனம் தயங்காமல் இந்தச் சேவைக்குப் போகலாம் என்பதே என் கருத்து.

ஆனால் சேவை நிறுவனம் இயந்திரம் செய்யும் பிழைகளுக்குத்தான் காவல். மனிதர் செய்யும் பிழைக்குக் காவல் நாம்தான். ஒரு ஊழியர் நிபந்தனை வரியை எழுத மறந்து, வாடிக்கையாளர் பட்டியல் முழுவதையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். டேட்டாபேஸ் அதை முறையான கட்டளையாகவே நிறைவேற்றும். மாற்று சர்வரிலும் அதே கணம் பட்டியல் அழியும். பிரதான சர்வரை உடனுக்குடன் நகலெடுப்பதுதானே அதன் பணி.

இனி மீட்பது எப்படி? அழிவதற்கு ஒரு நிமிடம் முந்தைய நேரத்தைக் குறிப்பிட்டு மீட்கச் சொல்ல வேண்டும். அப்போது பழைய டேட்டாபேஸ் அப்படியே இருக்க, பக்கத்தில் புதிதாக ஒன்று உருவாகும். அதற்கு வேறு முகவரி. ஒன்று, செயலி முழுவதையும் அந்த முகவரிக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் தொலைந்த பட்டியலை மட்டும் அங்கிருந்து எடுத்து இங்கே சேர்க்க வேண்டும். புதிய டேட்டாபேஸ் திறந்தவுடன் முழு வேகத்தில் ஓடாது, ஏனெனில் தரவு பின்னணியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்து சேரும். இதற்கெல்லாம் எவ்வளவு நேரமாகும் என்பது ஒருமுறையாவது செய்துபார்த்தவருக்கே தெரியும்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். டேட்டாபேஸையே நீக்கும்போது, வைத்திருக்கும்படி சொல்லாவிட்டால் தானியங்கி பேக்கப்புகளும் சேர்ந்தே போய்விடும். நாமாக எடுத்த முழு நகல்கள் (ஸ்னாப்ஷாட்டுகள்) மட்டும் நிற்கும்.

அடுத்தது பணம். மாத வாடகையைப் பார்த்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது. மாற்று சர்வர் வேண்டுமென்றால் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. சேமிப்பிடம், கூடுதல் பேக்கப், வெளியே போகும் தரவு ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. பழைய பதிப்பிலேயே இருந்தால் அதற்கும் கட்டணம் உண்டு. மைஎஸ்க்யூஎல் 5.7 பதிப்புக்கான வழக்கமான ஆதரவை ஆர்.டி.எஸ். 2024 பிப்ரவரி 29உடன் நிறுத்தியது. மறுநாளிலிருந்து அதில் தொடர்ந்தவர்களுக்கு நீட்டிப்புக் கட்டணம் விழுந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மையத்தில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இது ஒரு சிபியுவுக்கு மணிக்கு 10 சென்ட். கேட்டால் அற்பமாகத் தோன்றும். அங்கே மிகச் சிறிய டேட்டாபேஸ் ஒன்றின் வாடகை மாதம் 12 டாலர் அளவில்தான் இருக்கும். அதற்கு 2 சிபியு என்பதால் நீட்டிப்புக் கட்டணம் மட்டும் 30 நாளுக்கு 144 டாலர்! மூன்றாம் ஆண்டிலிருந்து இந்த விகிதம் இரட்டிப்பாகும். பில்லைத் திறந்து பார்க்காதவருக்கு இது தெரியவே வராது.

பெரிய அளவில் இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதற்கு பேஸ்கேம்ப், ஹே ஆகிய சேவைகளை நடத்தும் 37சிக்னல்ஸ் நிறுவனமே சாட்சி. அமேசானின் டேட்டாபேஸ், தேடல் சேவைகளுக்கு மட்டும் ஆண்டுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் கொடுப்பதாக 2022இல் அறிவித்து, கிளவுடை விட்டு வெளியேறிச் சொந்த சர்வர்களுக்குத் திரும்பியது. ஆனால் அதனிடம் அனுபவமிக்க பராமரிப்புக் குழு ஏற்கெனவே இருந்தது, வேலைப்பளுவும் சீராக இருந்தது. இந்த இரண்டும் இல்லாதவர் அதைப் பார்த்து வெளியேறினால் கையைச் சுட்டுக்கொள்வார்.

கட்டுப்பாடும் குறையும். ஆர்.டி.எஸ்.ஸில் சர்வருக்குள் நேரடியாக நுழைய முடியாது. போஸ்ட்கிரெஸின் முழு நிர்வாக அதிகாரமும் கிடைக்காது. அவர்கள் அனுமதித்த துணைநிரல்களை மட்டுமே சேர்க்கலாம். சாதாரண வணிகச் செயலிகளுக்கு இது குறையாகவே தெரியாது. விசேஷத் தேவை உள்ளவர்கள் ஒப்பந்தத்துக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தரவு எந்த நாட்டில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பணப் பரிவர்த்தனைத் தரவை இந்தியாவில்தான் வைக்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. அமேசானுக்கு மும்பையில் 2016 முதலும், ஹைதராபாத்தில் 2022 முதலும் மையங்கள் இருப்பதால் இதைப் பின்பற்றுவது கடினமில்லை. மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கவனமாக இருந்தால் போதும்.

எல்லா நகல்களையும் ஒரே நிறுவனத்திடம் வைப்பது சரியா? 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யுனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கிளவுட் கணினிகளை, கூகுள் தரப்பில் நேர்ந்த ஓர் அமைப்புப் பிழை அழித்துவிட்டது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பல நாள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. அங்கே அழிந்தது ஆர்.டி.எஸ். போன்ற டேட்டாபேஸ் சேவை அல்ல என்றாலும், ஒரே கணக்கில் எல்லாவற்றையும் வைப்பதன் ஆபத்து ஒன்றேதான். வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது அவர்களுக்குக் கைகொடுத்தது.

இந்தச் சேவையை வாங்குங்கள். வாங்கிய கையோடு வாரம் ஒரு நகலை வேறு நிறுவனத்தின் சேமிப்பிடத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். இந்த மாதம் ஏதாவது ஒரு நாளில் நேற்றைய டேட்டாபேஸைப் புதிதாக மீட்டெடுத்து, எத்தனை மணி நேரமானது என்று எழுதிவையுங்கள். அந்த நேரத்தை உங்கள் தொழில் தாங்குமா என்று முதலாளியும் பொறியாளரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள்.