முளையிலேயே மிதிபடலாமா?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். தெரிந்தால் மட்டும் போதாது. முளைக்கு வேலியும் வேண்டும். நம் பகுதியில் சிறுவர்களுக்காக நடத்தப்படும் கால்பந்துப் போட்டிகளைப் பல ஆண்டுகளாகக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்து வருகிறேன். நன்றாக ஆடும் பையனை அடித்து உட்கார வைப்பது ஒரு தந்திரமாகவே ஆகிவிட்டது. இதைப் பற்றிப் பெற்றோர்களும் போட்டி நடத்துபவர்களும் சற்றுச் சிந்திக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கம் வந்து குடியேறிய நம்மில் பலர் கபடியும் கிரிக்கெட்டும் பார்த்து வளர்ந்தவர்கள். நம் பிள்ளைகளோ இங்குள்ள பள்ளியில் சேர்ந்த மறுமாதமே கால்பந்தில் இறங்கிவிடுகிறார்கள். அதில் வியப்பில்லை. இந்த எல்லைப்புறம் முழுவதுமே கால்பந்து மண்தான். நம் தாலுகாவின் கடற்கரையில் உள்ள பொழியூர், கேரளத்துக்குத் தொடர்ந்து சந்தோஷ் டிராபி ஆட்டக்காரர்களைத் தந்துவரும் ஊர். 2018-இல் கொல்கத்தாவில் வங்காளத்தை வென்று 14 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பையைக் கொண்டுவந்த கேரள அணியில் பொழியூர் சீசனும் இருந்தார். எல்லையைத் தாண்டினால் நீரோடி தொடங்கித் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை வரை குமரி மாவட்டக் கடலோரக் கிராமங்களிலும் இதே கதைதான். இந்தியன் சூப்பர் லீக்கில் புகழ்பெற்ற மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர்.

இந்த ஆட்டம் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு வாசல். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம். விஜயன் 17 வயதில் கேரள போலீஸ் அணியில் சேர்ந்தார். இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். 2025-இல் பத்மஸ்ரீ பெற்றார். போலீஸ், மின்வாரியம், ரயில்வே என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்றவர்கள் பலர். நான் பணியாற்றிய ரயில்வேயிலேயே அப்படி வந்த பல நல்ல தோழர்களைக் கண்டிருக்கிறேன். அத்தகைய வீட்டில் ஒரு பையனின் கால்தான் அவனுடைய முதலீடு. 14 வயதில் அந்தக் கால் கெட்டுப்போனால் குடும்பத்தின் ஒரு வாசலே அடைபட்டுப் போகும்.

கண்ணால் கண்டது

சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் பாறசாலைக்கு அருகே 15 வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டி ஒன்று நடந்தது. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இங்கே கூலிவேலை செய்யும் ஒரு குடும்பத்துப் பையன் அதில் ஆடினான். வயது 13. மெலிந்த உடம்பு, இடது கால் ஆட்டம். பந்து அவன் காலுக்கு வந்தால் மூன்று பேர் ஒதுங்க வேண்டியதுதான். முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு கோல் போட்டான்.

அதன் பிறகு எதிரணிப் பயிற்சியாளர் வெளியிலிருந்து கத்தியது என் காதில் விழுந்தது: “எலே, பந்தைப் பாக்காத! அவனுக்க காலைப் பாத்து வை!” எதையும் எண்ணிக் குறித்துக்கொள்வது என் பழைய தொழில் வழக்கம். அந்தப் பையன் மீது நடந்த பவுல்களைக் கையிலிருந்த நோட்டில் குறித்தேன். இடைவேளைக்குள் 11. அவற்றைச் செய்தவர்கள் ஐந்து பேர். ஒருவன் இரண்டு முறை அடித்ததும் அவன் விலகிக்கொள்வான், அடுத்தவன் வருவான். நடுவர் ஒவ்வொரு தடவையும் விசில் ஊதினார். அட்டையை மட்டும் எடுக்கவில்லை. பன்னிரண்டாவது தடவை, மீசை அரும்பியிருந்த ஒருவன் பின்னாலிருந்து சறுக்கி விழுந்து அடித்ததில் கணுக்கால் முறிந்தது. அப்போதுதான் மஞ்சள் அட்டை வெளியே வந்தது.

பையனின் தகப்பனாரிடம், போட்டிக் குழுவிடம் எழுதிக் கொடுப்போமா என்று கேட்டேன். “வேண்டாம் சார், பிழைக்க வந்த இடத்துல நமக்கு எதுக்கு வம்பு?” என்றார். எலும்பு கூடிவிட்டது. பையன் மட்டும் மைதானப் பக்கம் வருவதில்லை. பந்து வந்தால் கால் தானாகப் பின்வாங்குகிறது என்கிறான்.

வளரும் எலும்பு

“அடிபட்டுத்தான் ஆட்டம் படிக்க வேண்டும், நாங்கள் எல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம்” என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒன்று, கணக்கு. 38 கிலோ பையன் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறான். 62 கிலோ உள்ள ஒருவன் 24 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறான். மோதலின் ஆற்றல் எடைக்கு நேர் விகிதத்திலும் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடும். கணக்கிட்டுப் பார்த்தால் பெரியவன் கொண்டுவரும் ஆற்றல் சின்னவனுடையதைப் போல் சுமார் 2.35 மடங்கு. இதைத் துணிச்சலால் ஈடுகட்ட முடியாது.

மற்றொன்று, உடம்பு. வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு உண்டு. எலும்பு நீளுவது அங்கேதான். சுற்றியுள்ள தசைநார்களைவிட அது வலுக் குறைந்தது. பெரியவர்களுக்குச் சுளுக்கோடு போகும் அடி சிறுவர்களுக்கு அந்தத் தட்டை உடைத்துவிடலாம். சரியாகக் கவனிக்காவிட்டால் கால் கோணலாகவோ குட்டையாகவோ வளரவும் கூடும். ஆண் பிள்ளைகள் விறுவிறுவென்று உயரும் காலம் பெரும்பாலும் 12-க்கும் 15-க்கும் இடையில் வருகிறது. ஒரே வகுப்பில் படிக்கும் இருவரில் ஒருவன் ஆளாகியிருப்பான், மற்றவன் குழந்தையாகவே இருப்பான். இதனால்தான் இங்கிலாந்தின் பெரிய கழகங்கள் வயதுக்குப் பதிலாக உடல் வளர்ச்சியைப் பார்த்துச் சிறுவர்களைப் பிரித்து ஆடவிடும் முறையையும் சோதித்துப் பார்த்தன.

உலகம் கற்ற பாடம்

1966 உலகக் கோப்பையில் பல்கேரியாவும் போர்ச்சுகலும் பெலேயை உதைத்தே முடக்கின. மாற்று ஆட்டக்காரரை இறக்க அப்போது விதி இல்லை. நொண்டியபடியே அவர் ஆட, பிரேசில் முதல் சுற்றிலேயே வெளியேறியது.

அதே போட்டியில், ஜூலை 23 அன்று இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதின. ஜெர்மானிய நடுவர், அர்ஜென்டினாத் தலைவர் ரட்டினை வெளியேறச் சொன்னார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. ரட்டின் போக மறுத்துப் பல நிமிடங்கள் குழப்பம். நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன் இதை யோசித்துக்கொண்டே காரில் போனபோது சாலை விளக்கைக் கண்டார். மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் நில். இது எந்த மொழிக்காரனுக்கும் புரியும். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் நம் எல்லைப்புற மைதானத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு ஏது? ரயில் பாதையில் சிவப்பு சிக்னலை விபத்து நடந்த பிறகு போட்டால் என்ன பயன்? அட்டையும் அப்படித்தான்.

1983 செப்டம்பரில் மாரடோனாவின் இடது கணுக்கால் பின்னாலிருந்து வந்த தாக்குதலில் முறிந்தது. எதிரிக்கு ஆபத்து விளைவிக்கும் பின்புறத் தாக்குதலுக்குச் சிவப்பு அட்டையே தண்டனை என்று 1998-இல் விதியில் தெளிவாக்கப்பட்டது. இன்றைய விதி, எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஆபத்தான தாக்குதலுக்குச் சிவப்பு என்கிறது.

சிறுவர் ஆட்டத்துக்கும் உதாரணம் உண்டு. 13 வயதில் பார்சலோனாவுக்கு வந்த லயோனல் மெஸ்ஸி, வயதுக்கு மிகவும் சிறிய உருவம். 2001-இல், ஆடத் தொடங்கிய சில வாரங்களிலேயே இடது காலின் எலும்பு முறிந்தது. அந்தக் கழகம் அவரைப் பொறுமையாகக் குணப்படுத்தி மீண்டும் ஆட வைத்தது. நம் கிராமத்துப் பையனுக்குப் பின்னால் அப்படி ஒரு கழகம் இல்லை. நாம்தான் இருக்கிறோம்.

விதி என்ன சொல்கிறது?

திறமையுள்ள பையனுக்குத் தனிச் சலுகை எதுவும் நான் கேட்கவில்லை. இருக்கும் விதியே போதும். கவனக் குறைவான பவுலுக்கு பிரீகிக். எதிரியின் பாதுகாப்பைப் பொருட்படுத்தாத பவுலுக்கு மஞ்சள். மிதமிஞ்சிய பலத்தைப் பயன்படுத்தினால் சிவப்பு. திரும்பத் திரும்பத் தவறு செய்பவனுக்கும் மஞ்சள் உண்டு. அதற்கு இத்தனை தடவை என்ற கணக்கு விதியில் இல்லை. ஆனால் நான் கண்டதைப் போல் ஐந்து பேர் முறை வைத்து அடித்தால், ஒவ்வொருவனையும் தனியாகப் பார்க்கும்போது குற்றம் சிறிதாகத் தெரியும். நடுவர் அடிப்பவனை மட்டும் பார்க்காமல் அடிபடுபவனையும் பார்த்தால் இந்தத் தந்திரம் மூன்றாவது பவுலிலேயே வெளிச்சமாகிவிடும். அப்போதே எதிரணித் தலைவனை அழைத்து எச்சரித்து, அடுத்த முரட்டு அடிக்கு அட்டை காட்டலாம். ஆட்டம் தடைபடக் கூடாது என்று அனுகூலம் கொடுத்து ஓடவிட்டாலும், பந்து நின்றதும் திரும்பி வந்து அட்டை காட்ட விதியில் இடமுண்டு.

தோளோடு தோள் நியாயமாக இடிப்பது, பந்தைக் குறிவைத்துத் தடுப்பது எல்லாம் ஆட்டத்தின் பகுதிதான். அதைத் தாங்க நம் பிள்ளைகளும் பழக வேண்டும். பந்தைச் சீக்கிரம் கைமாற்றவும், அடிபட்டால் திருப்பி அடிக்காமல் எழுந்து ஆடவும் பயிற்சியாளர்கள் சொல்லித்தர வேண்டும்.

வயதும் வாயும்

மீசை முளைத்தவனை 15 வயதுப் பட்டியலில் சேர்ப்பது நாடு முழுவதும் உள்ள நோய். பள்ளிகளுக்கான சுப்ரதோ கோப்பையிலேயே வயது மோசடிக்காக அணிகள் வெளியேற்றப்பட்டதுண்டு. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிக்கும் சோதனையைக் கடைப்பிடிக்கிறது. கிராமப் போட்டியில் எக்ஸ்ரே முடியாது. பிறப்புச் சான்றிதழையும் பள்ளிப் பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியுமே!

வெளியில் நிற்கும் நம் வாயையும் அடக்க வேண்டும். “பாண்டி” என்று நம் பிள்ளையை எவனாவது கூப்பிட்டால் நமக்குக் கொதிக்கிறது. நம்மவர்கள் மலையாளப் பிள்ளைகளைச் சொல்லும் சொற்களும் அழகானவை அல்ல. இழிசொல்லுக்கும் விதியில் சிவப்பு அட்டைதான். 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆட்டத்தில் ஒரு முரட்டு பவுலை அடுத்து மூண்ட சண்டை பார்வையாளர் பகுதிக்குப் பரவி 16 ரசிகர்கள் மாண்டனர். கோட்டுக்கு உள்ளே கட்டுப்படுத்தாத முரட்டுத்தனம் வெளியேயும் வரும்.

2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரில் பெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் தம் இரண்டாவது கோலை அடித்த வேகத்தில் கோல்கீப்பருடன் மோதி விழுந்து உயிரிழந்தார். அத்தனை பெரிய ஆட்டத்திலேயே அப்படி என்றால், ஐஸ்கட்டி கூட இல்லாத நம் மைதானங்களை நினைத்துப் பாருங்கள்.

நாம் செய்யக் கூடியவை

நம் சங்கமும் பிற மன்றங்களும் நடத்தும் சிறுவர் போட்டிகளுக்குக் கீழ்க்கண்டவற்றை முன்வைக்கிறேன்.

1. போட்டிக்கு ஒரு வாரம் முன்பே வயதுச் சான்றுகளை வாங்கிச் சரிபார்த்தல்.

2. பயிற்சி பெற்ற நடுவரையும் இரண்டு லைன்ஸ்மேன்களையும் அமர்த்துதல். ஆட்டத்துக்கு முன் இரு அணித் தலைவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் தமிழிலும் மலையாளத்திலும் விதியை எடுத்துச் சொல்லுதல்.

3. மஞ்சள் அட்டை பெற்றவனைச் சிறிது நேரம் வெளியே உட்கார வைத்தல். சிறுவர் ஆட்டங்களில் இதற்குச் சர்வதேச விதியே இடம் தருகிறது. மொத்த நேரத்தில் 10 முதல் 15 சதவீதம் என்பது அளவு. 50 நிமிட ஆட்டத்துக்கு 6 நிமிடம் சரியாக இருக்கும்.

4. வெளியே வந்த சிறுவன் மீண்டும் இறங்க அனுமதித்தல். இதற்கும் விதியில் வழி உண்டு. அடிபட்டவன் ஓய்வெடுக்கலாம். தலையில் பலமாக அடிபட்டவனை மட்டும் அன்று மறுபடி இறக்கவே கூடாது.

5. ஷின் கார்டு இல்லாமல் எவனும் இறங்கக் கூடாது. வாங்க வசதியில்லாதவர்களுக்காகச் சங்கமே 22 ஜோடி வாங்கி வைக்கலாம்.

6. ஐஸ், கட்டுத்துணி, முதலுதவி தெரிந்த ஒருவர், நெய்யாற்றின்கரை அல்லது பாறசாலை அரசு மருத்துவமனைக்கு உடனே கிளம்பத் தயாராக ஒரு வண்டி.

7. நேர்மையாக ஆடிய அணிக்கு, கோப்பை வென்ற அணிக்குத் தரும் அதே தொகையைப் பரிசாகத் தருதல்.

இவற்றில் பெருஞ்செலவு பிடிப்பது எதுவும் இல்லை. வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று ஒதுங்கும் தகப்பனாருக்குப் பதிலாக எழுதிக் கொடுக்கவும், நடுவரிடம் மரியாதையாகக் கேட்கவும் ஒரு சங்கம் இருக்கிறது என்பது தெரிந்தாலே பாதி முரட்டுத்தனம் குறையும். வரும் ஓணம் விடுமுறைப் போட்டிக்கான குழுக் கூட்டத்தில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் தாய்மார்களும் அக்கூட்டத்துக்கு அவசியம் வர வேண்டும்.