ஐந்தும் ஏழும் சேருமிடம்

டூல் இசைக்குழுவின் ‘சிஸம்’ பாடலில், ஆரம்பத்திலேயே பேஸ் கிட்டார் ஒரு சொற்கட்டைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் ஐந்து எண்ணிக்கை, அடுத்து ஏழு. மறுபடி ஐந்து, மறுபடி ஏழு. ‘தகதகிட, தகிடதகதிமி’ என்று வாயால் சொல்லிக்கொண்டே கேட்டால், அடுத்த அடி எங்கே விழப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். கண்டமும் மிஸ்ரமும் சேர்ந்து பன்னிரண்டில் முடிகின்றன. ரொக் ரசிகர்களிடையே பிடிபடாத கணக்கு என்று பெயர் வாங்கிய பாடல் இது. கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மிருதங்கமோ தவிலோ பழகும் பிள்ளைகளுக்கோ ஆரம்பப் பாடம்.

அந்தக் கணக்கு வெறும் சாமர்த்தியத்துக்காகப் போட்டதல்ல. இரண்டு பேருக்கிடையே பேச்சு வற்றிப்போய் உறவு பிளந்துபோவதைத்தான் பாட்டு சொல்கிறது. அளவில் ஒவ்வாத இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று விட்டுப் போகவும் முடியாமல், ஒட்டிக்கொள்ளவும் முடியாமல் சுற்றிவருகின்றன. சொல்லில் உள்ள விரிசல் தாளத்திலும் இருக்கிறது. இசையை இப்படி எழுதத் தெரிந்தவர்கள் எந்த நாட்டிலும் அதிகம் பேர் இல்லை.

‘சிஸம்’ இடம்பெற்ற ‘லேட்டரலஸ்’ அல்பம் 2001 மே 15ஆம் திகதி வெளியானது. 1990இல் லொஸ் ஏஞ்சலிஸில் உருவான குழு டூல். பாடுபவர் மேனார்ட் ஜேம்ஸ் கீனன், கிட்டார் அடம் ஜோன்ஸ், பேஸ் ஜஸ்டின் சான்சலர், ட்ரம்ஸ் டேனி கேரி. 1996இல் வந்த முந்தைய அல்பத்துக்குப் பிறகு ஒலிப்பதிவு நிறுவனத்தோடு வழக்கு, அதனால் நீண்ட மௌனம். அது முடிந்து வந்த இந்த அல்பம் ஏறத்தாழ 79 நிமிடம் ஓடும். வந்தவுடன் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ‘சிஸம்’ 2002இல் சிறந்த மெட்டல் பாடலுக்கான கிராமி விருதைப் பெற்றது.

இந்த அல்பத்தில் இரண்டு ஓடைகள் கலக்கின்றன. ஒன்று புரோகிரசிவ் மெட்டல்: நீண்ட பாடல்கள், மாறிக்கொண்டேயிருக்கும் தாளம், கைவேகம். 1992இல் ட்ரீம் தியேட்டர் வெளியிட்ட ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ அதற்கு நல்ல அடையாளம். மற்றது ஒல்டர்நேட்டிவ் ரொக். 1991இல் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ உலகெங்கும் பரப்பிய அந்த இசை, வித்தை காட்டுவதை வெறுத்தது; மூன்று நாலு கோட்ஸ் போதும், நெஞ்சில் உள்ளதைச் சொல் என்றது. முதலாவதில் வித்தை மிஞ்சிச் சொல்ல வந்தது காணாமல் போகும். இரண்டாவதில் சொல்ல வந்தது இருக்கும், அதைத் தாங்கும் கட்டடம் இருக்காது. டூல் முதலாவதிடமிருந்து கணக்கையும் இரண்டாவதிடமிருந்து அடக்கத்தையும் எடுத்துக்கொண்டது. இத்தனை நீண்ட அல்பத்தில் கிட்டார்காரர் தன் விரல்வேகத்தைக் காட்டவென்று எழுதிய இடம் ஒன்றுகூட இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ட்ரம்ஸ் மட்டும் பேசிக்கொண்டேயிருக்கும். டேனி கேரி அலோக் தத்தாவிடம் தபேலா பயின்றவர் என்பதை அறிந்தபின் கேட்டால், அவருடைய இடது கையும் வலது கையும் வெவ்வேறு வேலை பார்ப்பதன் காரணம் விளங்கும்.

தலைப்புப் பாடலில் சற்று நின்று நிதானிக்க வேண்டும். முதல் அடியில் ஓர் அசை, அடுத்ததில் ஒன்று, பிறகு இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு என வளர்ந்து, மறுபடி ஐந்து, மூன்று என்று இறங்குகிறது. அடுத்த சுற்றில் 13 வரை ஏறுகிறது. முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் பிபொனாச்சி வரிசை அது. நம் லய சாஸ்திரத்தில் நடு பருத்து இரு முனையும் சிறுத்துவரும் இந்த அமைப்புக்கு மிருதங்க யதி என்று பெயர். அதே பாட்டில் வரும் பல்லவிப் பகுதியின் தாள அளவுகள் ஒன்பது, எட்டு, ஏழு என்று ஒவ்வொன்றாகக் குறைகின்றன. பசுவின் வால்போல் கீழே வரவரச் சிறுக்கும் கோபுச்ச யதியேதான். அந்த மூன்று இலக்கங்களைச் சேர்த்தெழுதினால் வரும் 987உம் பிபொனாச்சி வரிசையில் ஓர் எண்.

இத்தாலியரான பிபொனாச்சி தன் கணித நூலை எழுதியது 1202இல். அதற்கு முன்னரே 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரரும், அவருக்கும் முன்னர் விரஹாங்கரும் இதே வரிசையைக் கண்டிருந்தார்கள். அவர்கள் எண்ணியது செய்யுளின் அசைகளை. தொல்காப்பியம் சொல்வதுபோல் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மூன்று மாத்திரையைக் குறிலும் நெடிலும் கொண்டு எத்தனை விதமாக நிரப்பலாம்? மூன்று விதமாக. நாலு மாத்திரையை ஐந்து விதமாக, ஐந்தை எட்டு விதமாக. கடைசி எழுத்து குறிலானால் எஞ்சுவது ஒரு மாத்திரை குறைந்த அடி, நெடிலானால் இரண்டு குறைந்த அடி. ஆகவே முந்தைய இரண்டையும் கூட்ட வேண்டியிருக்கிறது. கவிதையின் அசையிலிருந்து பிறந்த கணக்கு, பல நூற்றாண்டுகள் கழித்து கலிபோர்னியாவில் ஒரு மெட்டல் பாட்டின் அசைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

எல்லாம் நம்மிடமிருந்து போனது என்று மார்தட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. டூல் குழுவினர் நம் யதியைப் படித்துவிட்டு எழுதவுமில்லை. வேறுபாடும் பெரியது. நம் கச்சேரியில் தாளம் அசையாத தரை. கை அதைப் போட்டுக்கொண்டிருக்கும். வித்துவான் எங்கே சுற்றினாலும் சமத்துக்கு வந்து சேருவார். 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் ஒலிப்பதிவுகளில் அந்தத் திரும்பி வருதலே பேரின்பம். ‘லேட்டரலஸ்’ அல்பத்தில் தரையே நகர்கிறது. பேஸ் ஒரு கணக்கிலும் ட்ரம்ஸ் இன்னொரு கணக்கிலும் போய், எதிர்பாராத ஓரிடத்தில் மோதிக்கொள்கின்றன. அந்தத் தத்தளிப்பு நம் காதுக்குப் புதிது. அதைத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

கொழும்பிலும் இத்தகைய மெட்டல் இசை இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டி இங்கே உருவான ஸ்டிக்மாட்டா குழு, சுரேஷ் டி சில்வாவின் குரலோடும் டெனிசன் நெப்போலியனின் கிட்டாரோடும், ‘ஹொலோ ட்ரீம்ஸ்’, 2006இல் ‘சைலன்ட் கேயொஸ் சர்ப்பென்டைன்’, 2010இல் ‘சாம்ஸ் ஒஃப் கொன்ஷியஸ் மார்ட்டர்டம்’, 2015இல் ‘தி அசெட்டிக் பாரடொக்ஸ்’ என்று அல்பங்களாகவே தன் வாழ்க்கையைக் கட்டியிருக்கிறது. வானொலிக்காக மூன்று நிமிடத்தில் வெட்டிச் சுருக்காத இசை. சின்னஞ்சிறு சந்தையில் ஆங்கிலத்தில் பாடி, அரைகுறை வசதிகளோடு இவ்வளவு தூரம் வந்த பிடிவாதத்தை நான் மனமார மதிக்கிறேன்.

அதே ஆண்டுகளில் இந்நகரத்துத் தமிழ் இளைஞர்களின் நிலைமை வேறு. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட இடங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் 300க்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. பொலிஸ் பதிவும் இரவு நேரச் சோதனையும் இருந்த அந்தப் போர்க்காலத்தில், ட்ரம்ஸ் செட் வைத்துப் பக்கத்து வீட்டாரை எழுப்பும் இசைக்கு யார் துணிவார்? ஹெட்ஃபோனுக்குள் மட்டும் கேட்டார்கள். கேட்டவர்களில் பலர் இன்று டொரொண்டோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள்.

ஆனால் கிட்டார் நமக்கு அந்நியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’வும், ஏ.ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’யும் கிட்டாரையும் பைலாத் தாளத்தையும் கையிலெடுத்துப் பிறந்தவை. ஈழத்துப் பொப் இசை கடல் தாண்டித் தமிழ்நாட்டையும் ஆட வைத்தது. அந்தத் துணிச்சல் நமக்குள் இருந்த ஒன்று.

தமிழில் இப்படியொரு அல்பம் செய்ய நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல ஆசை. மெட்டல் கிட்டாருக்கு மேலே கல்யாணி ஸ்வரங்களைத் தூவி வயலினைச் சேர்ப்பதோடு நின்றுவிட வேண்டாம். கர்நாடக ராகத்தையும் ரொக்கையும் இணைப்பதை பெங்களூரின் ‘அகம்’ குழு 2012இல் வெளியிட்ட முதல் அல்பத்திலேயே அழகாகச் செய்துவிட்டது. நாம் தொடங்க வேண்டிய இடம் சொல். அருணகிரிநாதரின் திருப்புகழை எடுத்துக்கொள்ளுங்கள். கதிர்காமத்து முருகனையும் பாடியவர் அவர். அளவு வேறுபட்ட சந்தத் துண்டுகளை அடுத்தடுத்து அடுக்கி ஒரு சுற்றில் முடிப்பதில் அவரை விஞ்ச எந்த ட்ரம்ஸ்காரரும் இல்லை. முதலில் சந்தத்தை எழுதுங்கள். குறிலிலும் நெடிலிலும் கணக்கு நிற்கட்டும். அதைப் பேஸ் கிட்டாருக்குக் கொடுங்கள். ட்ரம்ஸ் அதனோடு முரண்படட்டும். கிட்டார் கடைசியில் வரட்டும். பாடுபொருளுக்கு எங்கும் அலைய வேண்டாம். காலி வீதியில் வீடு விற்றுப் போனவர்கள், திரும்பி வராதவர்கள், ஒரே வீட்டில் மூன்று மொழியில் வளரும் பிள்ளைகள் எல்லாம் இங்கேயே இருக்கிறார்கள். மிருதங்கம் படித்த ஒருவரும் பேஸ் வாசிக்கும் ஒருவரும் யாப்புத் தெரிந்த ஒருவரும் ஓர் அறையில் கூடினால் முதல் பாட்டை எழுதிவிடலாம்.