ஒரே வாசலில் பாணும் போத்தலும்



உங்கள் ஊர்ச் சந்தியிலுள்ள பலசரக்குக் கடையைச் சற்று மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். அதிகாலையில் பாண் வாங்குவது அங்கே. பிள்ளைக்குக் கொப்பியும் பேனையும், கெபிக்கு மெழுகுதிரியும் அங்கேயே. கையில் காசில்லாத நாளில் கடன் கொப்பியில் எழுதுவித்து அரிசி எடுத்து வருவதும் அங்கேதான். அத்தகைய கடைக்காரர் மதுபானம் விற்க அனுமதிப்பத்திரம் கோரி விண்ணப்பித்தால் ஊர் என்ன செய்யும்?

நான் பணியாற்றிய கரையோரப் பங்கொன்றில் இது நடந்தது. பிரதேச செயலாளருக்கு அனுப்பவேண்டிய ஆட்சேபனை மனுவோடு பங்குமக்கள் சிலர் அறைவீட்டுக்கு வந்தனர். முதற் கையெழுத்துப் பங்குத்தந்தையுடையதாக இருக்கவேண்டும் என்றனர். ஏற்கெனவே ஒப்பமிட்டிருந்தோரின் பெயர்களை வாசித்தேன். தம் பிள்ளையின் முதல்நன்மை விருந்தில் கொட்டகைக்குப் பின்னால் போத்தல் உடைத்தவர்கள் சிலரும் அதில் இருந்தார்கள். சொல்லாமல் விட்டுவிட்டேன்; சொல்லியிருக்கவேண்டுமோ என்று இப்போதும் எண்ணுவதுண்டு.

அன்றிரவே கடைக்காரரும் வந்தார். நமது பங்கைச் சேர்ந்தவர், ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர். “சுவாமி, ரவுணிலே பெரிய சுப்பர் மார்க்கற்றுகளில் தனிக் கவுண்டர் போட்டு விற்கிறார்கள். அங்கே போய் யாராவது மனுக் கொடுத்தார்களா? காசுள்ள நாளில் சனம் சாமான் வாங்க அங்கே போகிறது, காசில்லாத நாளில் என்னிடம் வருகிறது. குடிக்கிறவன் பஸ் ஏறிப்போய்க் குடிக்கிறான், இல்லாவிட்டால் கசிப்புக் குடிக்கிறான்” என்றார். கசிப்பைப் பற்றிய வாதத்தை நான் ஏற்கவில்லை. மலிவு என்பதற்காகவே அதை நாடுபவன் விலைகூடிய போத்தல் பக்கத்தில் வந்துவிட்டது என்பதற்காக மனம் மாறமாட்டான். ஆனால் அவர் சொன்ன மற்றவற்றுக்கு என்னிடம் உடனடிப் பதில் இருக்கவில்லை.

மது தன்னிலே தீயது என்று திருச்சபை கற்பிப்பதில்லை. ஆண்டவரின் முதல் அருங்குறி கானாவூர்த் திருமண வீட்டில், ஆறு கற்சாடிகளில் நிகழ்ந்தது. திராட்சை இரசமின்றித் திருப்பலி இல்லை. இளந்திமொத்தேயுவின் வயிற்று நோவுக்குச் சிறிது இரசம் அருந்தும்படி ஆலோசனை கூறியவர் புனித பவுலடியார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, அதன் 2290ஆம் எண்ணில், உணவு, மது, புகையிலை, மருந்து என எல்லாவற்றிலும் மிகுதியைத் தவிர்க்கும் அளவறி நற்பண்பையே வலியுறுத்துகிறது. நமது மக்களுள் பனையேறிப் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் எத்தனை! கள்ளுத் தவறணைக்கு எதிராக நான் ஒருபோதும் மறையுரை ஆற்றியதில்லை.

அப்படியானால் இந்தக் கடையில் மாத்திரம் என்ன குறை? விடையை எனக்குத் தந்தவர் அயர்லாந்தின் டப்ளின் நகரத் தொழிலாளி ஒருவர். மற் டல்பொட் என்னும் அவர் 1856இல் பிறந்தார். சிறுவயதிலேயே குடிக்கு அடிமையானார். கூலி முழுவதும் மதுச்சாலைக்கே போயிற்று. 1884இல், தமது 28ஆம் வயதில், ஒருநாள் கையில் காசின்றி மதுச்சாலையருகே நின்றார். முன்பு தாம் வாங்கிக் கொடுத்துக் குடிக்கவைத்த நண்பர்களில் எவராவது உள்ளே அழைப்பார் என்று காத்திருந்தார். ஒருவரும் அழைக்கவில்லை. வீடு திரும்பித் தாயிடம், இனிக் குடிப்பதில்லை என்று வாக்களிக்கப் போவதாகச் சொன்னார். முதலில் மூன்று மாதங்களுக்கே வாக்களித்தார். அந்த வாக்கு 1925இல், திருப்பலிக்குச் செல்லும் வழியில் வீதியில் விழுந்து இறக்கும்வரை நிலைத்தது. 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது. பழைய கடன்களையெல்லாம் தேடித் தேடி அடைத்த அவர், வெளியே செல்லும்போது கையில் காசு கொண்டுசெல்லாதிருக்கவும் பழகினாராம். மதுச்சாலையைக் கடக்கும்போது தம்மைத் தாமே அவர் நம்பவில்லை.

அந்தப் பங்கிலும் குடியை விட்டு ஏழெட்டு மாதங்களான ஒருவர் இருந்தார். தவறணை இருக்கும் ஒழுங்கையைத் தவிர்த்து, சுற்றுப் பாதையால் கடலுக்குப் போவார். தவறணையைச் சுற்றிப் போகலாம். பாண் விற்கும் கடையை எப்படிச் சுற்றிப் போவது? பிள்ளையை அனுப்பலாம் என்பீர்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறதுதான். ஆனால் துண்டுச்சீட்டோடு வரும் பத்து வயதுச் சிறுவனை, அவன் தகப்பனை நன்கறிந்த கடைக்காரர் திருப்பி அனுப்புவாரா? அந்தப் போத்தலின் விலை தாயின் அரிசிக் கணக்கோடு அதே கொப்பியில் ஏறாது என்று யார் சொல்வது?

நான் கையெழுத்திட்டேன். அடுத்த ஞாயிறு, திருப்பலி முடிவில் ஓர் அறிவித்தலும் செய்தேன்: மனுவில் ஒப்பமிட்டோர் அந்தக் கடைக்குக் கொடுக்கவேண்டிய கடன் பாக்கியை அம்மாத இறுதிக்குள் தீர்க்கவேண்டும், ரவுணில் வாங்கும் சாமானில் ஒரு பகுதியையாவது அவரிடம் வாங்கவேண்டும். ஆலயத்தில் ஓர் அசைவு தெரிந்தது. சிலர் தீர்த்தார்கள். சிலர், சுவாமி கடைக்காரரின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்றார்கள்.

மாலையில் நானே கடைக்குச் சென்று, மனுவில் முதற் கையெழுத்து என்னுடையது என்பதை அவரிடம் நேரில் கூறினேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. நான் கேட்ட மெழுகுதிரிக் கட்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார். அதுவரை ஆலயத்துக்கென்று கேட்டால் காசு வாங்காதவர், அன்று வாங்கி எண்ணிப் பார்த்து, மிச்சத்தையும் தந்தார்.