கல்லின் பெயரும் கல்லின் இயல்பும்: தமிழக வீட்டுக் கட்டுமானக் கற்கள்

ஆய்வுச் சுருக்கம்

தமிழக வீடுகளில் தரை, படி, அடுப்பு மேடை, சுவர் ஆகியவற்றுக்கு இயற்கைக் கற்கள் பயன்படுகின்றன. அவற்றின் வழக்குப் பெயர்களும் வணிகப் பெயர்களும் பெரும்பாலும் நிறத்தையோ ஊரையோ சுட்டுகின்றன. கனிம இயல்பைச் சுட்டுவதில்லை. இதனால் நேரும் பிழைகளையும் கல்லை இனங்காணும் எளிய வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கருங்கல், சார்னோகைட், கடப்பைக்கல், சலவைக்கல், செம்புறாங்கல்.

முன்னுரை

பாறைகள் தோன்றும் முறையால் தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என மூவகைப்படும். வீடு கட்டுவோர் இப்பகுப்பை நோக்கிக் கல் வாங்குவதில்லை. நிறம், பளபளப்பு, விலை ஆகியவற்றையே நோக்குகின்றனர். ஆயினும், ஒரு கல் எத்தனை ஆண்டுகள் நிலைக்கும் என்பதை அதிலுள்ள கனிமமே தீர்மானிக்கிறது.

கருங்கல் என்னும் பொதுப்பெயர்

அகராதிகள் 'கிரானைட்' என்பதற்குக் 'கருங்கல்' எனப் பொருள் தருகின்றன. வழக்கிலோ கருங்கல் என்பது கிரானைட், நைஸ், சார்னோகைட் ஆகிய பல பாறைகளுக்கும் பொதுப்பெயராகும். பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் காணப்படும் நீலச்சாயல் கொண்ட கல் சார்னோகைட் ஆகும். கொல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893இல் அப்பாறைக்கு அவர் பெயரைச் சூட்டினார். அக்கல் சென்னைப் பகுதியிலிருந்து சென்றது எனக் கருதப்படுகிறது. ஆகவே, கட்டட ஆவணங்களில் 'கருங்கல்' என வருமிடத்தையெல்லாம் 'கிரானைட்' எனப் பெயர்த்தல் பிழைக்கு இடந்தரும்.

வணிகப் பெயர்களும் இத்தகையனவே. 'காஷ்மீர் வெள்ளை' எனப்படும் கல் மதுரை மாவட்டத்தில் வெட்டப்படுவது. 'கறுப்புக் கிரானைட்' என விற்கப்படும் விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கல், கிரானைட் அன்று. டோலரைட் வகையைச் சார்ந்த தீப்பாறை. எனினும் இவையனைத்தும் கடினமானவை. அன்றாடப் புளிப்புப் பொருள்களால் எளிதில் பாதிக்கப்படாதவை. எனவே படி, வாசல், அடுப்பு மேடை ஆகியவற்றுக்கு ஏற்றவை.

சுண்ணாம்பு சார்ந்த கற்கள்

ஆந்திரத்தின் கடப்பை, கர்நூல் பகுதிகளிலிருந்து வரும் கடப்பைக்கல் ஒரு சுண்ணாம்புக்கல், படிவுப்பாறை. அடுக்கடுக்காகப் பிளக்கும் தன்மையால் மெல்லிய பலகைகளாகக் கிடைக்கிறது. அலமாரித் தட்டுக்கும் தரைக்கும் அது பரவலாகப் பயன்படுவதற்கு இதுவே காரணம். மெருகிட்டால் குன்னம் கல்லைப் போலவே கறுத்துத் தோன்றும். ஆனால் அதன் முதன்மைக் கனிமம் கால்சைட். எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் பட்டுத் தேங்கினால் மேற்பரப்பு அரிக்கப்பட்டு மெருகு மங்கும். சுண்ணாம்புக்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியதே சலவைக்கல். ராஜஸ்தானத்து மக்ரானாக் கல் இதற்குச் சிறந்த சான்று. இவ்விரு கற்களும் பதித்த தரையை அமிலம் ஊற்றிக் கழுவுவது, கறையோடு கல்லையும் கரைப்பதாகும்.

செம்புறாங்கல்

மழையும் வெயிலும் மாறிமாறிப் பாறையைச் சிதைத்தபின் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் எஞ்சி உருவாவது செம்புறாங்கல். கேரளத்து அங்காடிப்புரத்தில் கண்ட இக்கல்லுக்கு பிரான்சிஸ் புக்கானன் 1807இல் வெளிவந்த தம் நூலில் 'லேட்டரைட்' எனப் பெயரிட்டார். நிலத்தடியில் மென்மையாக இருந்து, வெட்டியெடுத்துக் காற்றில் உலர்ந்தபின் இறுகுவது இதன் சிறப்பு. சுவருக்கு ஏற்றது, நுண்துளைகள் மிக்கதாதலால் மெருகிட்ட தரைக்கு ஏலாது.

மரபறிவு காட்டும் வழி

சிற்ப நூல்கள் கல்லை ஆண்கல், பெண்கல், அலிக்கல் எனப் பகுத்தன. சிற்பியர் உளியால் தட்டி எழும் ஒலியைக் கொண்டு தரம் அறிந்தனர். உட்பிளவுள்ள கல்லில் ஒலி மழுங்கும் என்பதால் இதற்கு இயற்பியல் அடிப்படையும் உண்டு. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் அடித்தளத்திற்குக் கடினமான கல்லும் மேற்கட்டுமானத்திற்குச் செதுக்குதற்கு எளிய மணற்கல்லும் அமைந்துள்ளன. நிலத்தின் ஈரத்தையும் சுமையையும் தாங்குமிடத்தில் வன்கல், நுண்வேலைப்பாடு வேண்டுமிடத்தில் மென்கல் என்னும் தெளிவை இதில் காணலாம். அம்மணற்கல் காலப்போக்கில் சிதைந்துள்ளமை, எளிதில் செதுக்கப்படும் கல் எளிதில் தேயும் என்பதையும் உணர்த்துகிறது.

இனங்காணும் முறை

ஒலி பிளவைக் காட்டும், கனிமத்தைக் காட்டாது. அதற்கு இரு சோதனைகள் போதும். மோஸ் கடினத்தன்மை அளவில் கால்சைட் 3, ஃபெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. எஃகுக் கத்தியின் கடினத்தன்மை ஏறத்தாழ 5.5. எனவே கத்திமுனை கடப்பைக்கல்லையும் சலவைக்கல்லையும் கீறும், கிரானைட்டைக் கீறாது. அடுத்து, மாதிரித் துண்டின்மேல் எலுமிச்சைச் சாற்றைச் சில மணி நேரம் விட்டுத் துடைத்தால், சுண்ணாம்பு சார்ந்த கல்லின் மெருகு மங்கியிருக்கும்.

முடிவுரை

ஒரே நிறமுடைய இரு கற்களுள் ஒன்று தலைமுறைகள் கடந்து நிற்க, மற்றொன்று சில ஆண்டுகளிலேயே மங்குவதற்குக் காரணம் கனிம வேறுபாடே. வாங்குவோர், கல்லின் பெயரோடு அதன் பாறை வகையையும் கேட்டறிதல் வேண்டும். கட்டடக்கலை ஆய்வாளரும் 'கருங்கல்' என்னும் பொதுச்சொல்லோடு நில்லாமல் பாறை வகையையும் பதிவுசெய்தல் வேண்டும். பழுதுபார்க்கும் காலத்தில் ஒத்த கல்லைத் தேர்ந்தெடுக்க அப்பதிவே துணைசெய்யும்.