கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயில்: இங்கே மீனுக்குத்தான் முதல் மரியாதை!

சனி, ஞாயிறு வந்தால் போதும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பைக்குகளும் கார்களும் வரிசைகட்டி ஏறுகின்றன. பலரும் தேடிப் போவது ஆகாய கங்கை அருவியை. அந்த அருவிக்கு இறங்கும் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது அறப்பளீஸ்வரர் கோயில். 'திரும்பி வரும்போது பார்த்துக்கலாம்' என்று அதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை இறங்கி ஏறிய பிறகு, கால் நேராக பஸ்ஸைத்தான் தேடும்!

அப்பர் சொன்ன பெயர்

நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள இந்த மலை, கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மண். புறநானூற்றில் ஓரியைப் பாடியவர்களில் ஒருவர் வன்பரணர். அப்பரின் தேவாரத்தில் இத்தலத்தின் பெயர் வருவதால், இது வைப்புத்தலமாகப் போற்றப்படுகிறது. 18-ம் நூற்றாண்டில் சீர்காழி அம்பலவாணக் கவிராயர் எழுதிய 'அறப்பளீசுர சதகம்' இந்த ஈசனை முன்னிலைப்படுத்திப் பாடப்பட்டதுதான்.

அறப்பள்ளியில் குடிகொண்ட ஈஸ்வரர் என்பதால் அறப்பளீஸ்வரர். அம்பாள், அறம்வளர்த்த நாயகி. விவசாயி ஒருவர் நிலத்தை உழுதபோது ஏர்முனை பட்டு ரத்தம் கசிந்ததாகவும், அங்கே வெளிப்பட்டதே இந்த லிங்கம் என்றும் தலவரலாறு சொல்கிறது. ஏர் பட்ட தழும்பு லிங்கத்தின் உச்சியில் இருப்பதாகப் பக்தர்கள் நம்புகிறார்கள்.

பிடித்தால் பாவம்!

கோயிலை ஒட்டி ஓடுகிறது ஐயாறு. இதில் துள்ளும் மீன்களைப் பிடிக்கக் கூடாது என்பது இங்குள்ள கட்டுப்பாடு. முன்பு ஒருமுறை மீனைப் பிடித்து அறுத்துச் சமைக்கப் பார்த்தார்களாம். துண்டுகள் ஒன்றாகப் பொருந்தி, உயிர்பெற்று ஆற்றுக்குள் துள்ளி ஓடினவாம். மீன்களிலும் ஈசன் இருக்கிறார் என்பது நம்பிக்கை. அதனால் முதலில் மீன்களுக்குப் படையல், பிறகுதான் சாமி தரிசனம்.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஓர் ஆற்றையும் அதில் வாழும் உயிர்களையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்ற, போர்டும் அபராதமும் இல்லாமல் இந்த மலைமக்கள் கண்டுபிடித்த வழி இது.

அதே தண்ணீர்தான் அருவி

நாம் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. கோயிலருகே மீன்களைச் சுமந்து ஓடும் அதே ஐயாறுதான், சற்றுத் தள்ளி சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கையாகக் கொட்டுகிறது. மேலே பொரி போட்டுக் கும்பிட்ட கை, கீழே ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து அங்கேயே வீசினால் அந்தக் கும்பிடுக்கு என்ன அர்த்தம்? இந்தத் தண்ணீர் அருவியோடு நின்றுவிடுவதும் இல்லை. மலையிறங்கி, திருச்சி மாவட்டத்தின் புளியஞ்சோலை வழியாகச் சமவெளிக்குப் போகிறது. நாம் குளித்த சோப்பு நுரை கீழே இருப்பவர்களுக்கும் போய்ச் சேரும்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. சட்டம் சொல்வதை, இங்கே மீன்கள் எப்போதோ சொல்லிவிட்டன.

கிளம்பும் முன்...

* முதலில் கோயில், பிறகு அருவி. மூட்டு வலி உள்ளவர்களும் தாத்தா, பாட்டிகளும் கோயிலிலேயே நிம்மதியாக இருக்கலாம்.

* வளைவுகளில் தலைசுற்றல் வரும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

* ஆடிப்பெருக்கின்போது கோயிலிலும் செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாவிலும் கூட்டம் அலைமோதும். அமைதியான தரிசனம் வேண்டும் என்றால் வேறு நாளில் வாருங்கள்.

* மீனுக்குப் பொரி கொடுத்துவிட்டு, பொரி வாங்கிய கவரை மறக்காமல் உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தலத்தில் அதுவும் ஒரு வழிபாடுதான்!