வசந்தம் இல்லாத ஊரில் வசந்தகால உழவு

சைனாடவுனில் பகோடா ஸ்திரீட் பக்கமாக நின்று நிமிர்ந்து பார்த்தால், ஸ்ரீ மாரியம்மன் கோயில் மதில்மேல் சுதையால் செய்த பசுக்கள் படுத்திருப்பது தெரியும். சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில் அந்தப் பசுக்களின் கண்ணெதிரே பெரிய சந்தையே கூடிவிடுகிறது. பொன்னிறச் சிறு பழங்கள் காய்த்துக் குலுங்கும் கும்குவாட் செடிகள், வெள்ளைப் பஞ்சு மொட்டு விட்ட வில்லோ கிளைகள், செவ்வந்தித் தொட்டிகள் எனத் தெருவெல்லாம் பச்சையும் மஞ்சளும்தான். கடைகளில் தொங்கும் சிவப்புத் தாள்களில் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. அதன் பொருள் ‘வசந்தம்’.

இது வசந்த விழா. ஆனால், நிலநடுக்கோட்டுக்குச் சற்றே வடக்கில் இருக்கும் நம் ஊரில் வசந்தம் ஏது? பனி உருகுவதும் இல்லை, மரங்கள் மொத்தமாகத் துளிர்ப்பதும் இல்லை. அந்த வில்லோ கிளைகள்கூடச் சீனாவிலிருந்து வந்தவை.

இருந்தாலும் சைனாடவுனிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், கிராஞ்சியிலும் லிம் சூ காங்கிலும் மண்ணை நம்பி வாழும் சில குடும்பங்களுக்கு வசந்தம் உண்மையாகவே வருகிறது. அது பூவில் தெரிவதில்லை, மழையில் தெரிகிறது.

மாட்டுவண்டியும் தண்ணீரும்

பண்ணைக்குப் போகும்முன் சைனாடவுனிலேயே ஒரு நிமிடம் நிற்போம். இந்த வட்டாரத்தைச் சீனர்கள் ‘நியூ சே சுய்’ என்கிறார்கள். மாட்டு வண்டித் தண்ணீர் என்று பொருள். ‘கிரேத்தா ஆயர்’ என்னும் மலாய்ப் பெயருக்கும் தண்ணீர் வண்டி என்பதே பொருள். குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்பு, ஆன் சியாங் மேட்டில் இருந்த கிணற்றிலிருந்து மாட்டு வண்டிகளில் தண்ணீர் ஏற்றி வந்து இங்குள்ள வீடுகளுக்கு ஊற்றினார்கள். பக்கத்தில் உள்ள ஸ்பிரிங் ஸ்திரீட்டின் பெயரில் இருப்பது பருவத்தைக் குறிக்கும் சொல் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அது அந்த நீரூற்றின் பெயர்.

சைனாடவுனுக்கே மாடுதான் பெயர் தந்தது என்றால், லிட்டில் இந்தியாவைக் கேட்கவே வேண்டாம். அங்கே பஃபலோ ரோடு இருக்கிறது. கெர்பாவ் ரோடு இருக்கிறது. கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய தண்ணீரும் புல்லும் மாட்டு வியாபாரத்தை அங்கே வளர்த்தன. 1930களில் நகராட்சி விதிகள் இறுகியபின் தொழுவங்கள் மறைந்தன. தெருப்பெயர்கள் தங்கிவிட்டன.

இன்றும் தை மாதம் பிறக்கும்போது அந்த வட்டாரத்துக்கு மாடு திரும்பி வருகிறது. பொங்கல் கொண்டாட்டத்துக்காக லிம் சூ காங்கிலிருந்து லாரியில் வரும் பசுக்களையும் கன்றுகளையும் பார்க்க, கேம்பல் லேன் பக்கம் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பெற்றோர் நிற்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று முதன்முதலாகப் பசுவைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொள்வதை அந்தக் கூட்டத்தில் எப்போதும் காணலாம். அடுத்து அது கேட்கும் கேள்வி: “இது எங்கே இருக்கும்மா?”

இரண்டு பண்டிகைக்கு ஒரே கரும்பு

பொங்கலும் சீனப் புத்தாண்டும் தேதியில் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை அல்ல. பொங்கல் ஜனவரி நடுவில் வந்துவிடும். சீனப் புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் எந்த நாளிலும் வரலாம், ஏனெனில் அதை நிலவு முடிவு செய்கிறது. ஆனால், சீன உழவர்கள் விதைப்புக்குப் பார்த்தது நிலவை அன்று. அவர்களுடைய பஞ்சாங்கம் ஆண்டை 24 சூரியப் பருவங்களாகப் பிரிக்கிறது. முதல் பருவமான ‘லி சுன்’, அதாவது வசந்தத் தொடக்கம், ஆண்டுதோறும் பிப்ரவரி 4-ஐ ஒட்டி வருகிறது. நம் தை மாதமும் சூரியனைப் பார்த்தே பிறக்கிறது. மண்ணில் நின்றவர்கள் இரண்டு நாட்டிலும் வெயிலைத்தான் கணக்கெடுத்தார்கள்.

கரும்பும் பொது. பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவில் கட்டுக்கட்டாக நிற்கும் கரும்பு, சில வாரங்களில் சைனாடவுனிலும் நிற்கும். புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவு கடந்து ஒன்பதாம் நாள் பிறக்கும்போது ஹொக்கியன் மக்கள் விண்ணுலகப் பேரரசருக்குப் படையலிடுகிறார்கள். படையல் மேசையின் இரு பக்கமும் தோகையோடு முழுக் கரும்புகளைக் கட்டுவார்கள். எதிரிகளிடமிருந்து தப்பி ஓடிய தம் முன்னோரைக் கரும்புத் தோட்டம் மறைத்துக் காப்பாற்றியது என்பது அவர்களுடைய பரம்பரைக் கதை. ஹொக்கியனில் கரும்பும் நன்றியும் ஏறக்குறைய ஒரே ஒலி. நாம் சூரியனுக்கு நன்றி சொல்லும் அதே பயிரால் அவர்களும் நன்றி சொல்கிறார்கள்.

விடியும் முன்பே அறுப்பு

இனிப் பண்ணைக்குப் போவோம். கிராஞ்சி, லிம் சூ காங், சுங்கை தெங்கா வட்டாரங்களில் கீரை பயிரிடும் சிறு குடும்பப் பண்ணையில், புத்தாண்டை ஒட்டிய நாள்கள் எப்படி இருக்கும்?

வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். இலைக் காய்கறியை வெயில் ஏறுமுன் அறுக்க வேண்டும். வெயிலில் அறுத்தால் அரை மணி நேரத்தில் துவண்டுவிடும். தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பாத்திகளுக்கு நடுவே குந்தி, வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வாடிய இலையைக் கிள்ளி, கழுவி, கூடையில் அடுக்குவார்கள். அப்பா அறுத்தால் அம்மா தரம் பிரிப்பார். வெளிநாட்டு ஊழியர் சிலர் உடன் இருப்பர். பிள்ளைகள் அலுவலகம் போகுமுன் லாரி ஓட்டிக் கொடுப்பதும் உண்டு.

பயிர்களின் கணக்கு துல்லியமானது. முளைக்கீரைக்கு 25 முதல் 30 நாள். காங்கோங் எனப்படும் வள்ளைக்கீரைக்கு மூன்று, நான்கு வாரம். சாய் சிம் கீரைக்கு ஐந்து வாரம் வரை. ஆகவே புத்தாண்டு முந்திய நாள் குடும்ப விருந்துக்கான கீரையை ஐந்து வாரத்துக்கு முன்பே விதைத்திருக்க வேண்டும். அதாவது டிசம்பரிலோ ஜனவரியிலோ.

சிக்கல் அங்கேதான். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் காலம் அது. சிங்கப்பூரில் டிசம்பரில் சராசரியாக 330 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. ஜனவரியில் அது 220-ஆகவும் பிப்ரவரியில் ஏறக்குறைய 105-ஆகவும் இறங்குகிறது. இரண்டு நாள் விடாத அடைமழை போதும். இப்போதுதான் முளைத்த நாற்று மண்ணோடு சாய்ந்துவிடும். வேர் அழுகும். நத்தைகள் பெருகும். மலேசியாவின் கேமரன் மலைத் தோட்டங்களையும் அதே பருவமழை அடிப்பதால் சந்தையில் கீரை விலை ஏறும். விலை ஏறும் வேளையில் விற்கச் சரக்கு இல்லை. சரக்கு வந்து குவியும்போது விலை இல்லை. தஞ்சாவூர் விவசாயியும் லிம் சூ காங் விவசாயியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே புரிந்துகொள்ளும் விஷயம் இது.

தையில் ஒரு நாள் காற்று திசை மாறாமலேயே உலர்ந்துவிடுகிறது. காலை நேரம் தெளிகிறது. பாத்தியின் மேல்மண் பொருபொருவென்று வருகிறது. இதுவே இவர்களுடைய வசந்தம். வடிகாலைத் தூர்வாரி, வலையைத் தைத்து, எரு கலந்து, அடுத்த விதைப்புக்கு மண்ணைத் திருப்புவார்கள். ஒரு மாதம் போனால் இதே வானம் மழை தராமல் ஏய்க்கும். அப்போது தண்ணீர் பாய்ச்சுவது கவலையாகும்.

பண்டிகை நாளும் ஓய்வு நாள் அன்று. ஈரச்சந்தைகளில் பெரும்பாலான கடைகள் சில நாள் மூடியிருக்கும். ஆனால் செடிக்கு விடுமுறை தெரியாது. அறுக்காமல் விட்டால் சாய் சிம் பூத்து, தண்டு முற்றி, விலை போகாது. ஆகவே முதல் நாள் சிவப்புச் சட்டையில் உறவினர் வீட்டுக்குப் போய் ஆரஞ்சு கொடுத்துவிட்டு, பிற்பகலில் பழைய காலணியை மாட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்க வேண்டியிருக்கும். மாட்டுப் பொங்கலன்றும் பால் கறக்க வேண்டிய வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல.

குத்தகை முடியும் நாள்

இந்த வாழ்க்கை எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதுதான் கேள்வி. சிங்கப்பூரின் நிலப்பரப்பு 700 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் வேளாண்மைக்கு உள்ளது ஏறக்குறைய ஒரு விழுக்காடு. பண்ணைகள் சொந்த நிலத்தில் இல்லை, அரசாங்கத்திடம் எடுத்த குத்தகையில் இருக்கின்றன.

இடம் மாறுவது இந்தக் குடும்பங்களுக்குப் பழகிய துயரம். பன்றிப் பண்ணைகளைப் படிப்படியாக மூடும் முடிவு 1984-இல் அறிவிக்கப்பட்டது. 1990-க்குள் ஒன்றுகூட இல்லை. பொங்கோலில் பன்றி வளர்த்த ஒரு குடும்பம் 1988-இல் ஆடு வளர்ப்புக்கு மாறியது. அதுவே லிம் சூ காங்கில் பள்ளிப் பிள்ளைகள் பால் கறப்பதைப் பார்க்கப் போகும் ஹே டெய்ரீஸ் பண்ணை. பிறகு 2014-இல், ராணுவப் பயிற்சி நிலத்துக்காக லிம் சூ காங் வட்டாரத்தின் 62 பண்ணைகள் வெளியேற வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அவகாசம் நீட்டிக்கப்பட்டாலும், சில பண்ணைகள் புது இடம் தேடின. சில மூடின.

அரசாங்கத்தின் கணக்கிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வீடு, பாதுகாப்பு, தொழில் எல்லாவற்றுக்கும் இதே சிறு தீவுதான். உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்தும் வட்டாரங்களிலிருந்தும் வாங்குவதால், ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறக்கும். 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது அதன் பயனைக் கண்டோம். கோழிச்சோற்றுக் கடைகளில் எழுந்த பதற்றத்தையும் கண்டோம்.

2030-க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிக்கும் திறன் வேண்டும் என்று 2019-இல் இலக்கு வைக்கப்பட்டது. முட்டையில் அது கைகூடியது. 2024-இல் நாம் உண்ட முட்டையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளூர் முட்டை. காய்கறியிலோ ஏறக்குறைய மூன்று விழுக்காடுதான். பெரும் முதலீட்டில் வந்த உள்ளரங்கப் பண்ணைகள் சில மூடிவிட்டன. மின்கட்டணமும் கூலியும் சேர்ந்தால் அண்டை நாட்டுக் கீரையோடு விலையில் போட்டியிட முடியவில்லை. 2025 நவம்பரில் இலக்கு மாற்றப்பட்டது. 2035-க்குள் காய்கறி, காளான், முளைப்பயறு போன்ற நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, முட்டை, கடலுணவு போன்ற புரத உணவில் 30 விழுக்காடு என்பது புதிய கணக்கு.

இந்த எண்கள் பண்ணை வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வரும்போது வேறு கேள்வியாகின்றன. குத்தகையில் ஆறு ஆண்டு மிச்சம். கிழிந்த வலைக்கூடாரத்தை மாற்ற வேண்டும். போட்ட பணம் அதற்குள் திரும்புமா? பொறியியல் படித்த மகளை வா என்று கூப்பிடலாமா, வேண்டாம் என்று தடுக்கலாமா? விதைப்பது ஐந்து வாரத்துப் பயிர், யோசிப்பது இருபது ஆண்டுக்கு. வசந்த விழா விருந்தில் உறவினர் எல்லாம் கூடியிருக்கும்போது பேசப்படாமல் மேசையில் உட்கார்ந்திருப்பது இதுதான்.

நம் வீட்டிலிருந்து

நம்மால் குத்தகையை நீட்டிக்க முடியாது. ஆனால் வாங்குவது நம் கையில் இருக்கிறது. பேரங்காடியில் உள்ளூர் விளைபொருளுக்கான ‘எஸ்ஜி ஃபிரெஷ் புரொடியூஸ்’ சின்னத்தைப் பார்த்து வாரத்துக்கு ஒரு கட்டுக் கீரை, ஒரு தட்டு முட்டை வாங்கலாம். சில காசு கூடுதலாக இருக்கும். காலையில் அறுத்தது சீக்கிரம் உங்கள் அடுப்புக்கு வரும்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் கடைத்தொகுதிக்குப் பதிலாகக் கிராஞ்சிப் பக்கம் போகலாம். ஐவி சிங்-லிம் தம்பதியர் 2000-இல் தொடங்கிய பாலிவுட் வெஜிஸ் போன்ற பண்ணைகள்தான், நகரப் பிள்ளைகள் வாழைக்குலையை மரத்தில் பார்க்கும் பழக்கத்தை இங்கே உண்டாக்கின. திறக்கும் நேரத்தை முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

நிலமே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டம் இன்று வீவக அடுக்குமாடிகளுக்குக் கீழே எங்கும் பரவியிருக்கிறது. அவற்றில் வெண்டை, கறிவேப்பிலை, பாண்டான், சாய் சிம் எல்லாம் ஒன்றாக வளர்கின்றன. சீனப் பாட்டியும் தமிழ்த் தாத்தாவும் ஆளுக்கொரு மொழியில் பேசி, ஒரே நத்தையைத் திட்டுகிற இடம் அது. வீட்டுச் சன்னலில் நல்ல வெயில் விழுந்தால் ஒரு தொட்டி போதும். முளைக்கீரை விதையை நான்கு பங்கு மணலோடு கலந்து தூவுங்கள், இல்லையென்றால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். நெருக்கமாக முளைத்ததைக் களைந்து விடுங்கள். ஒரு மாதத்தில் ஒரு வேளைப் பொரியலுக்குக் கீரை கிடைக்கும். ஒரு மாதம் காத்திருந்து ஒரு வேளை சாப்பிட்ட பிள்ளை, அடுத்த முறை தட்டில் கீரையை ஒதுக்கும்போது சற்று யோசிக்கும்.

பொங்கல் கரும்போ, ஒன்பதாம் நாள் படையல் கரும்போ, கடித்துத் தீர்த்தபின் ஒரு துண்டை மட்டும் மிச்சம் வையுங்கள். கணுவில் பருவோடு உள்ள கரணையாக இருக்கட்டும். ஆழமான தொட்டியில் படுக்கவைத்து, மேலே இரண்டு விரல்கடை மண் போட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு, மூன்று வாரத்தில் துளிர் எழும். கரும்புக்குப் பத்து, பன்னிரண்டு மாதம் வேண்டும். தொட்டியில் வளர்ந்தது கடைக் கரும்பு அளவுக்குத் தடிக்காது. ஆனாலும் அடுத்த தை பிறக்கும்போது, வாசலில் கட்ட நம் வீட்டுக் கரும்பு ஒன்று நிற்கும்.